சுன் பின்னின் கால்கள்

நிர்வாகவியல் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும் அலமாரி எந்த ஊர்ப் புத்தகக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. தன்னம்பிக்கை நூல்களுக்கும் பங்குச்சந்தை வழிகாட்டிகளுக்கும் நடுவே, ஒரு வாளோ கவசமணிந்த வீரனோ அட்டையில் நிற்க, சுன் சூவின் ‘போர்க்கலை’ இருக்கும். பக்கத்திலேயே அதன் வாரிசுகளும் இருக்கும்: மேலாளர்களுக்கான சுன் சூ, விற்பனையாளர்களுக்கான சுன் சூ, அலுவலக அரசியலில் வெல்ல சுன் சூ. ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன், சீனத்துச் சிற்றரசு ஒன்றின் படைத்தலைவர் எழுதியதாக மரபு சொல்லும் பதின்மூன்று அத்தியாயங்கள் இன்று பெரும்பாலும் பதவி உயர்வை எண்ணி வாசிக்கப்படுகின்றன.

பழைய நூலொன்று புதிய தேவைக்கு வாசிக்கப்படுவதில் தவறேதுமில்லை. இந்நூலின் பயணமே அப்படிப்பட்டதுதான். பீக்கிங்கில் வாழ்ந்த ஏசுசபைத் துறவி அமியோவின் பிரெஞ்சு மொழியாக்கம் 1772-ல் பாரிஸில் வெளியாயிற்று. 1910-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லயனல் ஜைல்ஸ் அதை ஆங்கிலத்தில் தந்தார். 1963-ல் வந்த இன்னொரு ஆங்கில மொழிபெயர்ப்பு, அமெரிக்க மரைன் படையில் தளபதியாயிருந்து ஓய்வுபெற்ற சாமுவேல் கிரிஃபித்துடையது. 1987-ல் வெளியான ‘வால் ஸ்ட்ரீட்’ திரைப்படத்தில் பங்குச்சந்தை வேட்டைக்காரன் ஒருவன் தன் சீடனுக்குச் சுன் சூவைப் பரிந்துரைக்கிறான். துறவி, அருங்காட்சியகப் பணியாளர், தளபதி, தரகன் என்று கைமாறி வந்த நூல் கடைசியில் மனிதவளத் துறையின் பயிற்சி வகுப்பை வந்தடைந்ததில் வியப்பில்லை.

இத்தகைய வாசிப்பைக் கண்டிப்பவர்கள் வழக்கமாக அறத்தைத்தான் முன்வைக்கிறார்கள். சக ஊழியரைப் பகைவராகப் பார்ப்பது தகுமா என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், அதைக் கேட்டவுடன் எதிர்த்தரப்பு ஒரு புன்னகையோடு, “நல்லவராக இருங்கள், ஆனால் தோற்றுப்போவீர்கள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆகவே நான் வேறொரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். இந்தத் தந்திரங்கள் அலுவலகத்தில் உண்மையிலேயே பலிக்குமா? இதற்குச் சாட்சி சொல்லத் தகுதியான ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் கூண்டுக்கு அழைப்பதில்லை.

அவர் பெயர் சிமா சியென். ஹான் பேரரசின் அரண்மனை வரலாற்றாசிரியர். கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதி முடித்த 130 அத்தியாயப் பெருநூலின் அறுபத்தைந்தாம் அத்தியாயம் மூன்று போர்வல்லுநர்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. முதலாமவர் சுன் சூ. அடுத்தவர் அவருடைய வழித்தோன்றல் என்று சொல்லப்படும் சுன் பின். மூன்றாமவர் வூ ச்சி. மூவரையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததன் காரணம் முழுதாக வாசித்தால்தான் விளங்கும். நிர்வாக நூல்களோ முதல் கதையை எடுத்துக்கொண்டு, இரண்டாவதில் பாதியைக் கிள்ளி, மூன்றாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

முதல் கதை பலரும் அறிந்தது. வூ நாட்டு மன்னன் ஹோ லூ, சுன் சூவின் திறனைச் சோதிக்க அந்தப்புரத்துப் பெண்கள் 180 பேரைக் கொடுத்து அணிவகுக்கச் செய்யுமாறு சொல்கிறான். சுன் சூ அவர்களை இரு பிரிவாக்கி, மன்னனுக்கு மிகவும் பிடித்த இருவரைத் தலைவிகளாக்குகிறார். ஆணை பிறக்கிறது. பெண்கள் சிரிக்கிறார்கள். மீண்டும் விளக்குகிறார். மீண்டும் சிரிக்கிறார்கள். ஆணை தெளிவாக இருந்தும் நிறைவேறாவிட்டால் குற்றம் தலைவர்களுடையது என்று சொல்லித் தலைவிகள் இருவரையும் வெட்டச் சொல்கிறார். பதறிய மன்னன் தடுக்க ஆளனுப்புகிறான். தளபதியாகப் பொறுப்பேற்றவன் களத்தில் மன்னனின் எல்லா ஆணைகளுக்கும் கட்டுப்பட்டவனல்லன் என்று பதில் வருகிறது. இரு தலைகளும் விழுகின்றன. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

இக்கதையைக் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். கதை வரலாறா புனைவா என்பதிலேயே அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. உண்மை என்றே கொண்டாலும், அது எதன்மேல் நிற்கிறது? மன்னன் கையளித்த முழு அதிகாரத்தின்மேல். சுன் சூவின் நூல் முழுக்கவே அந்த அதிகாரத்தை அடித்தளமாகக் கொண்டது. மன்னன் தலைநகரில் இருக்கிறான், தளபதி எல்லைக்கு அப்பால் இருக்கிறான், இடையில் குறுக்கீடு கூடாது என்று அது வற்புறுத்துகிறது. அலுவலகத்தில் இருப்பவருக்கு இல்லாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவருடைய மன்னன் பக்கத்துக் கண்ணாடி அறையில் அமர்ந்திருக்கிறான். நிர்வாக இயக்குநருக்குப் பிடித்த இருவரை முதல் நாளே வேலையைவிட்டு நீக்கிப் பாருங்கள். அத்தியாயம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது கதைக்கு வருவோம். தியன் ஜியின் குதிரைப் பந்தயம் பயிற்சியாளர்களின் செல்லக் கதை. ச்சி நாட்டுத் தளபதி தியன் ஜி அரச குடும்பத்தாரோடு பந்தயம் கட்டுகிறார். இரு தரப்பிலும் மூன்று தரக் குதிரைகள். சுன் பின் யோசனை சொல்கிறார்: உங்கள் மூன்றாம் தரத்தை அவர்களின் முதல் தரத்தோடு ஓடவிடுங்கள், முதல் தரத்தை அவர்களின் இரண்டாம் தரத்தோடும், இரண்டாம் தரத்தை மூன்றாம் தரத்தோடும் ஓடவிடுங்கள். ஒன்று தோற்று இரண்டு வென்று தியன் ஜி பந்தயப் பணத்தை அள்ளுகிறார். இருக்கும் வளத்தைச் சரியாக ஒதுக்கீடு செய்வது எப்படி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைக்காது.

ஆனால் யோசனை சொன்னவருக்கு அப்போது கால்கள் இல்லை. இதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்வதில்லை.

சுன் பின்னும் பாங் ஜுவானும் ஒன்றாகப் போர்க்கலை பயின்றவர்கள். பாங் ஜுவானுக்கு வெய் நாட்டில் தளபதிப் பதவி கிடைத்தது. தன்னைவிடச் சுன் பின் திறமையானவர் என்பது அவனுக்கு உள்ளூரத் தெரியும். ஆகவே அவரை ரகசியமாக வரவழைத்தான். வந்தவர்மேல் குற்றம் சுமத்தி, சட்டப்படியே தண்டனை வாங்கிக் கொடுத்தான். இரு கால்களும் துண்டிக்கப்பட்டு, முகத்தில் குற்றவாளி முத்திரை குத்தப்பட்டது. முத்திரை குத்தப்பட்டவன் வெளியே தலைகாட்ட மாட்டான் என்பது கணக்கு. இந்த வரிசையைக் கவனியுங்கள்: பழைய நண்பனின் அழைப்பு, ஆவணங்களோடு ஒரு புகார், விதிமுறைப்படி ஒரு விசாரணை, அதன்பின் வெளியில் சொல்ல முடியாத ஓர் அவமானம். அலுவலக அரசியல் என்று நாம் சொல்வது இதைத்தான். போரில் எதிராளியின் அடுத்த நகர்வை நாள் கணக்கில் முன்கூட்டியே சொல்லக்கூடிய மூளை, கூடப் படித்தவனின் அழைப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் காணவில்லை.

பின்னர் ச்சி நாட்டுத் தூதர் ஒருவர் வெய் தலைநகருக்கு வந்தபோது சுன் பின் அவரை ரகசியமாகச் சந்தித்துப் பேசினார். தூதர் அவரைத் தம் வண்டியில் மறைத்து அழைத்துச் சென்றார். அதற்குப் பிறகுதான் குதிரைப் பந்தயம், அதற்கும் பிறகுதான் போர். கி.மு. 341-ஐ ஒட்டி நடந்த மாலிங் போரில் சுன் பின் தம் படையின் சமையல் அடுப்புக்குழிகளை முதல் நாள் ஒரு லட்சம் என்றும், மறுநாள் 50,000 என்றும், அதற்கு மறுநாள் 30,000 என்றும் குறைத்துக்கொண்டே போனார். எதிரி வீரர்கள் ஓடிப்போகிறார்கள் என்று நம்பிய பாங் ஜுவான் காலாட்படையை விட்டுவிட்டு விரைந்து துரத்திவந்து பள்ளத்தாக்கில் சிக்கினான், அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டான். சுன் பின் வென்றார்தான். அவர் வென்றது களத்தில், கையில் ஒரு நாட்டின் படை இருந்தபோது. அவர்கள் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தவரை வெற்றி பாங் ஜுவானுடையது.

பல நூற்றாண்டுகளாகக் காணாமற்போயிருந்த சுன் பின்னின் நூல், 1972-ல் ஷான்டாங் மாகாணத்தின் யின்ச்சுவேஷானில் ஹான் காலக் கல்லறைகளைத் தோண்டியபோது மூங்கில் சுவடிகளாகக் கிடைத்தது. அதே இடத்தில் சுன் சூவின் நூலும் தனியே கிடைத்ததால், இருவர் நூலும் ஒன்றே என்ற பழைய ஐயம் தீர்ந்தது.

மூன்றாமவரான வூ ச்சியின் கதை இன்னும் கூர்மையானது. அவர் பெயரில் வழங்கும் போர் நூல், பின்னாளில் சீன அரசவை தொகுத்த ஏழு செவ்வியல் போர் நூல்களில் ஒன்று. வெய் நாட்டுக்காகப் பல வெற்றிகளை ஈட்டியவர். அங்கே தலைமை அமைச்சராயிருந்தவருக்கு அவர் கண்ணில் விழுந்த துரும்பு. அமைச்சரின் பணியாள் ஒருவன் வழி சொன்னான். வூ ச்சி பெரிய திறமைசாலி, நம் சிறிய நாட்டில் நிலைத்திருப்பாரோ என்னவோ, இளவரசி ஒருத்தியை மணமுடித்துத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள், ஏற்றால் தங்குவார், மறுத்தால் போய்விடுவார் என்று மன்னரிடம் சொல்லச் சொன்னான். அதே சமயம் வூ ச்சியை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கச் சொன்னான். அமைச்சரின் மனைவியும் ஓர் இளவரசிதான். விருந்தாளியின் முன் அவள் கணவனை இழிவாக நடத்துவதுபோல ஒரு காட்சி நடந்தது. அதைப் பார்த்த வூ ச்சி இளவரசியைக் கட்டிக்கொள்வதன் பலன் இதுவென்று எண்ணி, மன்னன் பெண் கொடுக்க முன்வந்தபோது மறுத்துவிட்டார். மன்னனுக்கு ஐயம் தோன்றியது. வூ ச்சி உயிருக்கு அஞ்சி ச்சு நாட்டுக்குப் போனார்.

ஒரு விருந்து, ஒரு பொய்க் கோபம், நல்லெண்ணத்தோடு சொல்வதுபோல ஒரு சொல். ஒரு வீரன்கூடச் சாகவில்லை. பெரும் படைகளை வென்றவர் ஒரு பணியாளின் யோசனைக்குத் தோற்றார். ச்சு நாட்டிலும் அதே கதை தொடர்ந்தது. வேண்டாத பதவிகளை ஒழித்து, மன்னனின் தூரத்து உறவினர்களுக்குப் போய்க்கொண்டிருந்த மானியத்தை நிறுத்திப் படைக்குத் திருப்பினார் வூ ச்சி. அவரை ஆதரித்த மன்னன் கி.மு. 381-ல் இறந்த அன்றே உறவினர்கள் வில்லோடு வந்தார்கள். அவர் ஓடிப்போய் மன்னனின் சடலத்தின்மேல் விழுந்தார். அம்புகள் சடலத்திலும் தைத்தன. சடலத்தில் அம்பெய்த குற்றத்துக்காகப் புதிய மன்னன் பின்னர் எழுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அழித்தான். சாகும் கணத்திலும் ஒரு பொறி வைத்துவிட்டுப் போன அந்த மேதைமையை வியக்கலாம். ஆனால் அவர் செத்துத்தான் போனார்.

அத்தியாயத்தின் முடிவில் சிமா சியென் தன் கருத்தைச் சொல்கிறார். பாங் ஜுவானை வீழ்த்தக் கணக்கிட்ட சுன் பின்னால் தன் கால்களைக் காத்துக்கொள்ள இயலவில்லை. நில அரண்களைவிட அறம் முக்கியம் என்று மன்னனுக்கே உபதேசித்த வூ ச்சி, ச்சு நாட்டில் இரக்கமற்று நடந்து உயிரிழந்தார். இது துயரமானது என்பது அவர் சொல்வதன் சாரம். போர்க்கலை அரசவைக்குள் உதவுமா என்ற நம் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விடையாகத்தான் இந்த அத்தியாயத்தை நான் வாசிக்கிறேன்.

ஏன் உதவவில்லை? சில காரணங்கள் வெளிப்படையானவை. போரில் எதிரி யாரென்பது தெரியும், அவன் வேறு கொடியின்கீழ் நிற்பான். அலுவலகத்தில் அந்த அறிவிப்பு இல்லை. போர் ஒரு நாள் முடியும், வென்றவன் ஊர் திரும்புவான். அலுவலகத்தில் தோற்கடிக்கப்பட்டவர் மறுநாள் காலை பக்கத்து மேசைக்கே வருவார், அடுத்த ஆண்டு அவரே நமக்கு மேலதிகாரியாகவும் ஆகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, போரில் மறைத்தல் ஒரு ஆயுதம். ஆனால் ஒரு நிறுவனம் ஓடுவதே ஒருவர் அறிந்ததை இன்னொருவருக்குச் சொல்வதால்தான். நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், தன் திட்டம் கடைசி நாள்வரை பக்கத்துப் பிரிவுக்குத் தெரியக் கூடாது என்பதில் பெருமை கொண்ட மேலாளர் ஒருவர் இருந்தார். பக்கத்துப் பிரிவின் மேலாளரும் அதே வகை நூல்களைப் படித்தவர்தான் போலும். ஓராண்டுக்குப் பிறகு இரு பிரிவுகளும் ஏறத்தாழ ஒரே பணியைத் தனித்தனியே செய்து முடித்திருந்தது தெரியவந்தது. ஒன்றைக் குப்பையில் போட்டார்கள். மேலாளர்கள் இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். குப்பைக்குப் போன வேலையை இரவு பகலாகச் செய்த இளைஞர்களின் ஓராண்டு உழைப்பை அவர்களின் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுத இடமிருக்கவில்லை.

இந்தச் செலவுக் கணக்கைத்தான் சுன் சூ தன் நூலின் இரண்டாம் அத்தியாயத்திலேயே போடுகிறார். ஒரு லட்சம் வீரர்கள் கொண்ட படை கிளம்பினால் நாளொன்றுக்கு ஆயிரம் பொன் செலவாகும் என்று அவர் தொடங்குகிறார். உடையும் தேர்கள், தேயும் ஆயுதங்கள், தொலைதூரம் சுமக்கும் உணவு என்று பட்டியல் நீள்கிறது. ஒற்றர்களைப் பற்றிய கடைசி அத்தியாயத்திலும் அதே கவலை. ஒரு படையெடுப்பால் 7,00,000 குடும்பங்கள் தம் உழவை விட்டுவிட நேர்கிறது என்கிறார். நீண்ட போரால் பயனடைந்த நாடு கிடையாது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. ஏமாற்றும் உத்திகளைப் பேசும் வரிகள் அந்நூலில் உண்டு, மறுக்கவில்லை. அவை அங்கே வருவது போரைச் சீக்கிரம் முடித்துச் செலவையும் சாவையும் குறைப்பதற்காக. நம் நிர்வாக நூல்கள் உத்தியை வைத்துக்கொண்டு கணக்கேட்டைத் தூக்கி எறிந்துவிட்டன. அலுவலகப் போர்களின் செலவைத் தளபதிகள் தருவதில்லை என்பதால் அவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவுமில்லை.

நம் மரபும் களத்தையும் அவையையும் குழப்பிக்கொள்ளவில்லை. ‘சாம பேத தான தண்டம்’ என்று அலுவலகத் தேநீர் இடைவேளையில் எளிதாகச் சொல்கிறோம். அவை ஓர் அரசன் கையாள வேண்டிய வழிகள். அரசனின்கீழ் வேலை பார்ப்பவனுக்குக் கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தின் ஐந்தாம் அதிகரணத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார், அங்கே பேசப்படுவது பெரும்பாலும் எச்சரிக்கை. வள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களை அரசியலில் வைத்தார். பணியில் இருப்பவனுக்கு அமைச்சியலில் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்று வேறோர் அதிகாரம் எழுதினார். ஆள்பவனிடம் நெருங்குவதைத் தீயின் அருகே இருப்பதோடு ஒப்பிடுகிறார்கள் இருவரும். கூடவே இருந்து கெடுக்கும் பகைக்கு வள்ளுவர் ‘உட்பகை’ என்று தனி அதிகாரமே வகுத்தார். அரம் உலோகத்தைத் தேய்ப்பதுபோல அது குடியைத் தேய்த்துவிடும் என்பது அவர் காணும் ஆபத்து. அலுவலகத்தில் தந்திரம் பயில விரும்புபவர் தன்னைத் தளபதியாகக் கற்பித்துக்கொள்கிறார். வள்ளுவரின் கண்ணில் அவர் அந்த அரமாகத் தென்படவும் கூடும்.

“அப்படியானால் என்னைக் கவிழ்க்கத் திட்டமிடுபவனை என்ன செய்வது?” என்று கேட்கலாம். பாங் ஜுவான்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். எச்சரிக்கை வேண்டும், எழுத்தில் ஆதாரம் வேண்டும், வாய்ப்பிருந்தால் வண்டி ஏறி வேறு நாட்டுக்குப் போய்விடவும் வேண்டும். ஆனால் சுன் பின்னின் கதையில் ஒன்றைக் கவனித்தேன். அவர் வாதாடும் திறன் எத்தனை பெரிதாயிருந்தாலும், அது பலித்தது முகத்தில் முத்திரை குத்தப்பட்ட ஒருவனோடு பேச ஒரு தூதர் இசைந்ததால்தான். முன்பின் அறியாத மனிதர் ஒருவர் தமக்கு வரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் வண்டியில் இடம் கொடுத்தார். அவருடைய பெயர்கூடப் பதிவாகவில்லை.

சிமா சியெனுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. கி.மு. 99-ல் லி லிங் என்ற தளபதி 5,000 காலாட்களோடு சியோங்னு நாடோடிகளின் பெரும்படையை எதிர்த்துப் போரிட்டு, கடைசியில் சரணடைந்தார். அவருடைய தொடக்க வெற்றிச் செய்தி வந்தபோது அவையிலிருந்த அத்தனை பேரும் கிண்ணம் உயர்த்தி வாழ்த்தினார்கள். தோல்விச் செய்தி வந்த சில நாட்களில் அதே வாய்கள் அவரைத் தூற்றின. சிமா சியென் லி லிங்குக்கு நெருங்கிய நண்பர் அல்லர், அவரோடு ஒரு கோப்பை மது அருந்தியதுகூட இல்லை. பேரரசர் கருத்துக் கேட்டபோது தான் கண்டதைச் சொன்னார். நாட்டுக்காகத் தன்னை மறந்து உழைத்த ஒரு மனிதனின் ஒற்றைத் தோல்வியை ஊதிப் பெருக்குகிறார்கள் என்றார். அரசரை ஏமாற்றிய குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பணம் கட்டி மீள வழியிருந்தது, அவரிடம் பணமில்லை. நண்பர்கள் உதவவில்லை. பேரரசருக்கு நெருக்கமானவர்கள் ஒரு சொல் பேசவில்லை. நூலை முடிக்க வேண்டும் என்பதற்காக மரணத்துக்குப் பதில் ஆண்மை நீக்கும் தண்டனையை ஏற்று உயிரோடிருந்தார். இவற்றையெல்லாம் ரென் ஆன் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்.

எந்தப் போர்க்கலை நூலின்படி பார்த்தாலும் அன்று அவர் பேசியது பிழை. இடமும் காலமும் எதிராக இருந்தன, துணைப்படை இல்லை, வென்றால்கூடத் தனக்கென்று லாபமில்லை. நம் காலப் பயிற்சியாளர் யாரும் அவரைப் பேசச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனினும் சுன் சூவின் கதையை நாம் அறிந்திருப்பது இப்படித் தோற்ற மனிதர் எழுதி வைத்ததால்.

ஆகவே இந்நூல்களைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘போர்க்கலை’யை வாங்குபவர்கள் செலவுக் கணக்கு வரும் பக்கங்களை நிறுத்தி வாசிக்கட்டும். அதோடு சிமா சியெனின் அறுபத்தைந்தாம் அத்தியாயத்தையும் ரென் ஆனுக்கான கடிதத்தையும் சேர்த்து வாசிக்கட்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில், அறையில் இல்லாத ஒருவர்மேல் பழி போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்போது, முந்தின வாரம் அவரைப் பாராட்டியவர்கள் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணத்தில் என்ன செய்வது என்று சுன் சூவிடம் கேட்கலாம். பேசாதிரு என்றுதான் அவர் சொல்வார் என நினைக்கிறேன். அலுவலகத்தைப் பொறுத்தவரை, நான் சிமா சியெனிடம் கேட்பதையே விரும்புகிறேன்.